கேக் வெட்டுற கார்ட்டூன்ல கத்தி இல்லாம நிக்கிற பொம்பள யாருங்க? பத்தாங்கிளாஸ் டவுட்

கொழிஞ்சாம்பாறை அப்பா:
வணக்கங்க, பொண்ணு இங்க தமிழ் மீடியத்துல பத்தாவது, சோசியல்ல ஏகாதிபத்தியம் ஓடுது, ஒரு கார்ட்டூன் ஜெராக்ஸ் குடுத்து விளக்கம் எழுதிட்டு வரச் சொல்லிருக்காங்க. பெரிய கேக், மேல பிரெஞ்சுல சீனான்னு எழுதிருக்கு, சுத்தி ராஜா ராணிங்க, பின்னாடி ஒரு சீனாக்காரர் ரெண்டு கையயும் தூக்கிட்டு நிக்கிறார். அதுவரைக்கும் புரியுது. கத்தியே இல்லாம ஒரு பொம்பள நிக்குதே அது யாரு? பொண்ணு ராணியோட வேலைக்காரின்னு எழுதிருக்கா, டியூஷன் சார் சீனா மகாராணிங்கறார். ஜெராக்ஸ் வேற கருகருன்னு இருக்கு.

மீனாட்சிபுரம் டீச்சர்:
ரெண்டும் இல்லைங்ணா. அது மரியான். நமக்கு பாரதமாதா மாதிரி பிரான்சுக்கு அந்தம்மா. செகப்புத் தொப்பிய வச்சுத்தான் கண்டுபிடிக்கணும், கருப்பு வெள்ளை ஜெராக்ஸ்ல எங்க தெரியும். மத்தவங்க விக்டோரியா ராணி, மீசைய முறுக்கினவர் ஜெர்மனியோட வில்ஹெல்ம், தாடிக்காரர் ரஷ்யாவோட நிக்கோலஸ், ஓரத்துல யோசிச்சிட்டு இருக்கற சாமுராய் ஜப்பான். படம் வந்தது 1898 ஜனவரி. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி 1897 நவம்பர்ல ஜெர்மனி சீனாவோட கியாவ்சௌ துறைமுகத்தப் பிடிச்சுது, டிசம்பர்ல ரஷ்யாக்காரன் இன்னொரு சீனத் துறைமுகமான போர்ட் ஆர்தர்ல கப்பல நிறுத்திட்டான். ஜப்பானுக்குத்தான் வயித்தெரிச்சல், ஏன்னா 1895ல சீனாவோட சண்டையில ஜெயிச்சு வாங்கின லியாவ்துங் தீபகற்பத்த (போர்ட் ஆர்தர் அங்கதான் இருக்கு) ரஷ்யா ஜெர்மனி பிரான்ஸ் மூணும் சேர்ந்து மிரட்டித் திருப்பிக் குடுக்க வச்சாங்க.

வேலந்தாவளம் ரவி:
டீச்சர் சொன்னது சரி, ஆனா அந்தம்மா கையில ஏன் கத்தி இல்லைங்கறதுதான் மெயின். படம் போட்டது லெ பெட்டி ஜூர்னல்னு பாரிஸ் பத்திரிகை. சொந்த நாட்ட மட்டும் நல்லவளாக்கி, கூட்டாளி ரஷ்யா தோள்ல கை போட்டு ஓரமா நிக்க வச்சிட்டான். அதே 1898ல பிரான்சும் தெற்கு சீனாவுல குவாங்சோவான்ங்கற எடத்த எடுத்துக்கிச்சு! எந்த ஊர் கார்ட்டூன்னாலும் மொதல்ல எங்க அச்சடிச்சதுன்னு பாருங்க. 1857ல சிப்பாய்க எந்திரிச்சப்ப லண்டன் பஞ்ச் பத்திரிகைல சிங்கம் (அது பிரிட்டன்) வங்காளப் புலி (அது சிப்பாய்க) மேல பாயற மாதிரி டென்னியல்னு ஒரு கார்ட்டூன்காரர் வரைஞ்சார், புலிக்கு அடியில வெள்ளைக்காரத் தாயும் புள்ளையும். சிங்கத்துக்கு வங்காளத்துல என்ன வேலைன்னு அந்தப் படம் கேக்கவே கேக்காது.

கொழிஞ்சாம்பாறை அப்பா:
அடேங்கப்பா. அப்போ கார்ட்டூன்காரர் ஏகாதிபத்தியத்துக்கு எதிர்னு எழுதலாமா கூடாதா? 4 மார்க்தான், டியூஷன் சார் எதிர்னு ஒரே வரில முடிச்சிட்டார்.

மீனாட்சிபுரம் டீச்சர்:
மொட்டையா எதிர்னு வேண்டாங்ணா. மத்தவங்க பேராசையக் கிண்டல் பண்றார், தன் நாட்ட விட்டுட்டார், அப்படி எழுதச் சொல்லுங்க. யார் யாருன்னு ஒரு வரி, கியாவ்சௌ போர்ட் ஆர்தர் ஒரு வரி, கைய தூக்கற சீனாக்காரர யாரும் திரும்பியே பாக்கலைங்கறது ஒரு வரி, கடைசில மரியான். குவாங்சோவான எழுதறப்ப ஜனவரில படம் வந்ததுக்குப் பின்னாடிதான் நடந்ததுன்னு சேர்த்துக்கட்டும், இல்லேன்னா திருத்தறவங்க வருஷத்த வச்சுக் கேள்வி கேப்பாங்க.

கொழிஞ்சாம்பாறை அப்பா:
சரிங்க டீச்சர், ரவி தம்பிக்கும் நன்றி. கலர் படம் யார்கிட்டயாவது இருந்தா போடுங்க, பொண்ணு தொப்பியப் பாத்தே ஆகணும்னு உக்காந்திருக்கா.