மறு: நலவாழ்வு மண்டபத்துக்கு ஆளுக்குப் பத்தாயிரம்

எல்லாருக்கும் வணக்கம்.

ஊர்ல நம்ம சங்கம் கட்டப்போற நலவாழ்வு மண்டபத்துக்கு ஆளுக்குப் பத்தாயிரம் கேட்டு, தலைவர் மாமா அனுப்பின வரைபடம் பார்த்தேன். ஓடுற மெஷின் ரெண்டு, யோகா கூடம், வாசல்ல கல்வெட்டு. பூண்டுக்காட்டு மேட்டுல தினம் ஏறி இறங்குற சனத்துக்கு ஓடுற மெஷின் எதுக்குடின்னு பெரியம்மா கேட்டுச்சு. எனக்குப் பதில் தெரியல. பிரஷர், சுகர் மாத்திரையும் அங்க கொடுக்கலாம்னு போட்டிருக்கீங்க. 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல அந்த மாத்திரை வீட்டு வாசலுக்கே வருது மாமா. நான் இருந்தப்பவே வந்துச்சு.

பணம் தரமாட்டேன்னு சொல்ல வரல. இதைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

மார்கழிக் கடைசியில பதினாறு நாள் ஊர்ல இருந்தேன். நல்ல உறைபனி, விடிஞ்சா புல்லெல்லாம் உப்புத் தூவின மாதிரி. பெரியம்மாவுக்கு ரெண்டு மாசமா எந்திரிச்சதும் மண்டையிடி, குமட்டல். காட்டுக்குப் போய் ஒரு மணி நேரத்துல சரியாயிடுமாம். "வேலைக்குப் போனாத்தான் என் உடம்பு கேக்கும்"னு அதுல பெருமை வேற. கொடைக்கானலுக்குக் கூட்டிட்டுப் போய் எல்லாம் பார்த்தாச்சு, ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. கொரோனா சமயத்துல சங்கம் கொடுத்த, விரல்ல மாட்டுற மெஷினும் ரத்தத்துல ஆக்சிஜன் 97ன்னு நல்லாத்தான் காட்டுச்சு.

மூணாம் நாள் எனக்கும் அதே மண்டையிடி. அன்னைக்கு ராத்திரிதான் கவனிச்சேன். பாண்டுச்சட்டி நிறையக் கரி போட்டு, வாசல்ல வச்சு ஊதி, புகை அடங்கினதும் படுக்கிற அறைக்குள்ள தூக்கிட்டு வருது. கதவைச் சாத்தி, அடியில சாக்கு. "புகையே இல்ல பாரு, கங்குதான்" அப்படிங்குது.

அந்தக் கங்குலதான் விஷம் இருக்கு. கார்பன் மோனாக்சைடு. வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. ரத்தத்துல ஆக்சிஜன் ஒட்டுற இடத்துல அதைவிட இருநூறு மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும். விரல் மெஷினுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, அதனால 97ன்னு பொய் சொல்லும். நம்ம உயரத்துல ஆக்சிஜன் ஏற்கெனவே கீழ்நாட்டைவிட அஞ்சுல ஒரு பங்கு குறைவு.

பழைய வீட்டுலயும் இதே கணப்புதானேன்னு கேப்பீங்க. அங்க நாட்டு ஓடு, ஓட்டுச் சந்துல நட்சத்திரம் தெரியும். இப்ப இருக்கிறது கான்கிரீட்டு. ஈ நுழையாத ஜன்னல் வேணும்னு லெஸ்டர்ல இருந்து பணம் அனுப்பிப் போட்டது நான். நம்ம சங்கத்துல பாதிப் பேரு அப்படித்தான் வீடு கட்டிக் கொடுத்திருக்கோம். எட்டு வீடு ஏறி இறங்கினேன். ஆறு வீட்டுல கணப்பு அறைக்குள்ளதான். அதுல நாலு வீட்டுல காலைத் தலைவலி.

இங்கிலாந்துல வாடகை வீட்டுல விறகு, கரி எரிக்கிற அறை இருந்தா, இந்த வாயு சேர்ந்தா அடிக்கிற அபாய மணி மாட்டணும்னு 2015லயே சட்டம். ஒண்ணு இருபது பவுண்டு வரும். மண்டபத்தைத் தள்ளி வச்சிட்டு, வீட்டுக்கு ஒரு மணி, முடிஞ்ச இடத்துல புகைபோக்கி. இதுதான் நான் கேக்குறது.

— பூண்டுக்கடை வீட்டு இளையவள், லெஸ்டர்

*

அன்புடையீர்,

சகோதரியின் மடலில் ஒரு வரி என் கவனத்தை ஈர்த்தது. "சங்கம் கொடுத்த, விரல்ல மாட்டுற மெஷின்." 2021 ஜூனில் நாற்பது வாங்கியதாகக் கணக்கு. விநியோகப் பட்டியலில் முப்பத்தொன்று. மீதி ஒன்பது எங்கே? மூன்று ஆண்டுப் பொதுக்குழுவில் கேட்டாகிவிட்டது. ஆக்சிஜன் செறிவூட்டி இரண்டில் ஒன்று யார் வீட்டு மாடியில் இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும், நான் சொல்லவில்லை.

அபாய மணியோ மண்டபமோ, அந்த ஒன்பதுக்குக் கணக்கு வராமல் என் பத்தாயிரம் வராது.

— சாவடி வீட்டு மூத்தவன், சிங்கப்பூர்

*

தாயி, உன் மடல் படிச்சேன். நம்ம காத்தை விஷம்னு எழுதுறதுக்கு உனக்கு எப்படி மனசு வந்துச்சு? ஊரெல்லாம் காசைக் கட்டிட்டு இந்தக் காத்துக்குத்தான் கொடைக்கானல் வாறான். எங்க அப்புச்சி தொண்ணூத்தி நாலு வயசு வரைக்கும் கணப்பு ஓரமாத்தான் படுத்தார். கேப்பைக் களி, மலைப்பூண்டு, மேல ஒரு கம்பளி. பழனிக்கு நடந்தே போய்ட்டு நடந்தே வந்த மனுசன். அவருக்கு எந்த மணி அடிச்சுச்சு?

நாங்கல்லாம் அந்தக் கணப்பைச் சுத்தி உக்காந்துதான் கதை கேட்டோம். உருளைக்கிழங்கைச் சாம்பல்ல புதைச்சு, தோலு கருகி உள்ள மாவா வெந்திருக்கும், உப்புத் தொட்டுத் தின்னா… அதெல்லாம் உங்க தலைமுறைக்கு எங்க தெரியும். உங்க அப்பா வாய்க்காலை மறிச்சப்பவே எங்க ஐயா சொன்னார், இந்த வீட்டுக்கு ஊர் வேணாம்னு.

கல்வெட்டு நிச்சயம் வரும். மாவட்டத்துல இருந்து ஆள் வந்து திறப்பாங்கன்னு பேசியாச்சு.

— தலைவர், துபாய்

*

தலைவர் மாமாவுக்கு. வாய்க்காலை இழுக்காதீங்க, அந்தப் பேச்சை நான் எடுத்தா சங்கமே இருக்காது. நான் காத்தைச் சொல்லல, பூட்டின அறையைச் சொல்றேன். உங்க அப்புச்சி படுத்தது திண்ணையை ஒட்டின ஓட்டு வீட்டுல. உங்க அம்மா இப்ப படுக்கிறது நீங்க கட்டின மாடி அறையில. அந்த ஆறு வீட்டுல அதுவும் ஒண்ணு.

— இளையவள்

*

அக்கா, நான் இந்தக் குழுவுல எழுதினதே இல்ல. மஸ்கட்ல இருக்கேன், கீழத்தெரு மேஸ்திரி மகன்.

போன வருசம் தை மாசம் எங்க அப்பா தூக்கத்துலயே போயிட்டார். அறுபத்தொண்ணு வயசு. புண்ணியச் சாவுன்னாங்க எல்லாரும். தலைவர் மாமா கூட இங்க அப்படித்தான் எழுதியிருந்தார், நான் இன்னும் வச்சிருக்கேன். அன்னைக்கு அம்மா மகப்பேறு பார்க்க அக்கா வீட்டுக்குப் போயிருந்துச்சு. அப்பா தனியா இருந்தார். புது அறை.

அம்மாகிட்ட கேக்கலாம்னு நேத்து போன் போட்டேன். சாப்பிட்டியான்னு கேட்டுட்டு வச்சிட்டேன்.

நான் மாசியில போறேன். மணி எத்தனை வேணும்னு சொல்லுங்க.

*

தம்பி, உன் மடலைப் பார்த்து ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். அது வேற எதாவதாவும் இருந்திருக்கலாம்ப்பா, மாரடைப்பு கூட அப்படித்தான் வரும். அம்மாகிட்ட கேக்காம இருந்தது நல்லது.

முப்பது மணி இங்க வாங்கி உன் விலாசத்துக்கு அனுப்புறேன். பெரியம்மாகிட்டச் சொன்னதை நீ போறப்ப வீடுவீடாச் சொல்லு: கங்குச் சட்டியை அறைக்குள்ள கொண்டு வரவே கூடாது, வெளியதான் வைக்கணும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வச்சா போதும்னு நம்பக் கூடாது. தலை சுத்தினா முதல்ல வெளிய வரணும், அப்புறம் 108. ஆஸ்பத்திரியில "கணப்பு வச்சிருந்தோம்"னு வாய்விட்டுச் சொல்லணும், சொன்னாத்தான் ரத்தத்துல கார்பன் மோனாக்சைடு இருக்கான்னு பரிசோதனை பண்ணுவாங்க. பெரியம்மாவுக்கு இப்ப வெந்நீர்ப் பை. முணுமுணுத்துக்கிட்டேதான் கட்டிப்பிடிச்சுப் படுக்குது.

*

முப்பது மணிக்கு விமான நிலையத்தில் சுங்கம் கேட்பார்கள். தம்பி தனியாகக் கட்ட வேண்டாம், என் பங்கில் எழுதிக்கொள்ளுங்கள். ரசீது மட்டும் பத்திரம். பேட்டரி உள்ளேயே இருக்கிற வகையா, மாற்றுகிற வகையா என்று சகோதரி தெரிவிக்கவும்.

— சாவடி வீட்டு மூத்தவன்

*

மாடி அறைக்கு ஒண்ணு சேர்த்துக்கோ. முப்பத்தொண்ணு.

— துபாய்