3 சீரிஸ் பின் டயர்: பட்டன் இருக்கிறது, பிடிப்பு இல்லை

கொங்கு ஓட்டுநர்:
வணக்கம். கோவையில் இருக்கிறேன். பிஎம்டபிள்யூ 330ஐ எம் ஸ்போர்ட் வைத்திருக்கிறேன், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 2 லிட்டர் டர்போ பெட்ரோல், 258 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர் டார்க், அத்தனையும் பின் சக்கரங்களுக்கு மட்டும். வெயில் நாளில் ஒரு குறையும் இல்லை. மழையில் அவினாசி ரோடு நனைந்திருந்தால் சிக்னலில் கிளம்பும்போதே, சக்கரம் வழுக்குவதைக் காட்டும் டிராக்‌ஷன் விளக்கு மின்னுகிறது. வால்பாறை ஏற்றத்தில் கொண்டை ஊசி வளைவு முடியும் இடத்தில் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அதிகமாக மிதித்தால் பின்பக்கம் விலகிப் போய்த் திரும்ப வருகிறது. மழைக்காலத்தில் இந்த வண்டியில் மலைக்கு வரமாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

முன் டயர் 225/45 ஆர்18, பின் டயர் 255/40 ஆர்18 (முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், அடுத்தது பக்கச்சுவர் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம், கடைசி எண் இன்ச்சில் ரிம்). நான்கும் ரன்ஃபிளாட், அதாவது காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரகம். டயர் கடையில் காட்டினேன். "பட்டன் நிறைய இருக்கு சார், இன்னும் பத்தாயிரம் ஓடும்" என்கிறார்கள் (பட்டன் என்றால் டயரின் மேல்பரப்பில் ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டைகள்). எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. மாற்றுவதென்றால் பிடிப்புதான் முதலில், ஆயுள் அப்புறம். பின்னால் மட்டும் 275 போட்டால் சரியாகுமா? எந்த டயர் நல்லது?

டர்போ தம்பி:
275 போடுங்க அண்ணா. அகலம் கூடினால் பிடிப்பு கூடும். பின்னாலிருந்து பார்க்க வண்டியும் கெத்தாக இருக்கும்.

பழைய மெக்கானிக்:
கெத்தாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் பின் ரிம் 8.5 இன்ச். 275/40 ஆர்18 டயருக்குக் குறைந்தது 9 இன்ச் ரிம் வேண்டும். குறுகிய ரிம்மில் திணித்தால் பக்கச்சுவர் பிதுங்கும், வளைவில் டயர் நெளியும். இரண்டாவது, உயரம். உங்கள் முன் டயரின் விட்டம் 660 மில்லிமீட்டர், பின் டயர் 661. கம்பெனி கணக்குப் போட்டுத்தான் இரண்டையும் ஒன்றாக வைத்திருக்கிறது. 275/40 போட்டால் பின்னால் 677 ஆகிவிடும். முன்சக்கரமும் பின்சக்கரமும் என்ன வேகத்தில் சுற்றுகின்றன என்று ஒப்பிட்டுத்தான் டிராக்‌ஷன் கன்ட்ரோல் வேலை செய்கிறது. அதன் கணக்கை நாமே ஏன் கெடுக்க வேண்டும்?

மூன்றாவதுதான் முக்கியம். உங்கள் பிரச்சினை ஈரத்தில் மட்டும் வருகிறது. ஈரத்தில் அகலம் உதவாது, பல நேரம் எதிராகவே போகும். அகல டயர் ரோட்டில் தேங்கிய தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகத் திணறும், மேலே ஏறி மிதக்கும்.

டயர் வாங்குவதற்கு முன் மூன்று தகவல் சொல்லுங்கள். பக்கச்சுவரில் 'டாட்' என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும், அது என்ன? பட்டன் ஆழம் உள்விளிம்பில் எவ்வளவு, நடுவில் எவ்வளவு? கடைசியாக அலைன்மென்ட் பார்த்தது எப்போது?

கொங்கு ஓட்டுநர்:
பின் இரண்டிலும் 2319. முன் இரண்டிலும் 4122. ஆழமானி வாங்கி அளந்தேன். பின்னால் நடுவில் 4 மில்லிமீட்டர், உள்விளிம்பில் 2.5. அலைன்மென்ட் நான் வாங்கிய பிறகு பார்க்கவில்லை.

பழைய மெக்கானிக்:
அப்படியானால் விஷயம் பாதி தெரிந்துவிட்டது. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம், அதாவது ஜூன். வண்டியோடு வந்த டயர்கள் அவை. முதல் ஓனர் அதிகம் ஓட்டவில்லை, அதனால் பட்டன் மிஞ்சியிருக்கிறது. ஆனால் ரப்பருக்கு வயது ஓடிக்கொண்டேதான் இருந்தது. நம் ஊர் வெயிலில் நின்ற டயர் வேறு. நகத்தால் அழுத்திப் பாருங்கள், பிறகு முன் டயரையும் அழுத்திப் பாருங்கள். பழைய அழிரப்பர் பென்சில் கோட்டை அழிக்காமல் காகிதத்தில் சறுக்குமே, அந்த நிலைக்கு வந்திருக்கும்.

காய்ந்த ரோட்டில் அகல டயரும் எலக்ட்ரானிக்ஸும் சேர்ந்து அதை மறைத்துவிடும். நனைந்த ரோட்டில் மறைக்க எதுவும் இல்லை. அதோடு இந்த என்ஜின் 1,550 ஆர்பிஎம்மிலேயே முழு 400 நியூட்டன் மீட்டரையும் தருகிறது. வளைவு முடியும்போது லேசாக மிதித்தாலே முழு இழுவையும் வந்து நிற்கிறது.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம். ஆனால் சட்டம் கேட்பது ஆழத்தை மட்டும். ஈரத்தில் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனாலே தண்ணீரை வெளியேற்றும் திறன் வெகுவாகக் குறையும், உங்கள் உள்விளிம்பு ஏற்கெனவே அங்கே போய்விட்டது.

செட்டிபாளையம் ரசிகன்:
கரி மோட்டார் ஸ்பீட்வேயில் டிராக் டே (ரேஸ் டிராக்கில் சொந்த வண்டியை ஓட்டும் நாள்) ஓட்டுபவன் நான். "பிடிப்புதான் முதலில்" என்று எழுதியிருப்பதைப் பார்த்து யாராவது உங்களை ட்ரெட்வேர் 200 ரக (ட்ரெட்வேர் என்பது தேய்மானத்தைத் தாங்கும் எண், குறைந்தால் சீக்கிரம் தேயும்) டயருக்குத் தள்ளிவிடுவார்கள், அதனால் முந்திக்கொள்கிறேன். அவை காய்ந்த டிராக்கில், சூடேறிய பிறகு அபாரம். பள்ளங்கள் குறைவு, அதனால் தேங்கிய தண்ணீரில் ஆபத்து. உங்களுக்குத் தேவை மேக்ஸ் பெர்ஃபார்மன்ஸ் சம்மர் ரகம், அதாவது ரோட்டில் காய்ந்திருந்தாலும் நனைந்திருந்தாலும் பிடிப்பு தரும் டயர்: மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் அல்லது 5, கான்டினென்டல் ஸ்போர்ட்கான்டாக்ட் 7, குட்இயர் ஈகிள் எஃப்1 அசிமெட்ரிக் 6, பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஸ்போர்ட். இவற்றுக்குள் எது ஒசத்தி என்று சண்டை போட்டால் விடிந்துவிடும். உங்கள் டயரிலிருந்து இவற்றில் எதற்கு மாறினாலும் வித்தியாசம் மலைபோலத் தெரியும், இவற்றுக்குள் உள்ள வித்தியாசம் மடு அளவு.

ட்ரெட்வேர் எண்ணை வைத்து ஒரு கம்பெனியையும் இன்னொரு கம்பெனியையும் ஒப்பிடாதீர்கள். அவரவர் சோதித்து அவரவர் போட்டுக்கொள்ளும் எண் அது.

அளவு அதே 255/40 ஆர்18. 99ஒய் எக்ஸ்எல் (எக்ஸ்எல் என்றால் கூடுதல் எடை தாங்கும் டயர்) என்று இருக்கிறதா பாருங்கள். 99 என்றால் ஒரு டயர் 775 கிலோ தாங்கும், ஒய் என்றால் 300 கிலோமீட்டர் வேகம் வரைக்கும். அந்த வேகத்தில் நீங்கள் போகப் போவதில்லை, போகவும் வேண்டாம். ஆனால் விலை குறைகிறது என்று இந்த எண்ணையும் எழுத்தையும் இறக்காதீர்கள்.

கொங்கு ஓட்டுநர்:
இப்போது எனக்கு இரண்டு குழப்பம். இந்த ரக டயர் பெரும்பாலும் ரன்ஃபிளாட் இல்லையே? பூட்டில் ஸ்டெப்னியும் இல்லை. அப்புறம் முன் டயர் 2022 தயாரிப்பு, நன்றாகவே இருக்கிறது. பின்னால் மட்டும் மாற்றினால் போதுமா?

பழைய மெக்கானிக்:
பின்னால் மட்டும் மாற்றுவதென்றால் ரன்ஃபிளாட்டே போடுங்கள், முடிந்தால் முன்னால் இருக்கும் அதே மாடல். முன்னால் ரன்ஃபிளாட், பின்னால் சாதாரணம் என்று கலப்பதை டயர் கம்பெனிகளே பரிந்துரைப்பதில்லை. பக்கச்சுவரின் விறைப்பு வேறு வேறாக இருந்தால், ஸ்டியரிங் திருப்பியதும் முன்பக்கம் உடனே கேட்கும், பின்பக்கம் தாமதமாக வரும். சக்தி உள்ள பின்சக்கர வண்டியில் அந்தத் தாமதம்தான் நமக்கு வேண்டாதது.

ரன்ஃபிளாட்டை முழுவதுமாக விடுவதென்றால் நான்கும் மாற்ற வேண்டும். செலவு இரட்டிப்பு. ஆனால் நம் ரோட்டுப் பள்ளத்தில் இடுப்பு தப்பிக்கும், மேடுபள்ளமான வளைவில் டயரும் ரோட்டை விட்டுத் துள்ளாமல் ஒட்டி நிற்கும். இழப்பது, காற்று முழுவதும் இறங்கிய பிறகும் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் 80 கிலோமீட்டர் தூரம் போகும் வசதி. அதற்குப் பதில் பஞ்சர் கிட்டும் சின்ன ஏர் பம்பும் வைத்துக்கொள்ளலாம். பட்டன் பக்கம் ஆணி ஏறினால் அது போதும். பக்கச்சுவர் கிழிந்தால் லாரியில் ஏற்ற வேண்டியதுதான். வால்பாறை அடிக்கடி போவீர்கள் என்றால் இதை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

நீலகிரிக்காரி:
ஒரு சின்ன குறிப்பு. சம்மர் டயர் 7 டிகிரிக்குக் கீழே விறைக்கும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் அதிகாலையில் உறைபனியே விழும். அதற்காக ஆல் சீசன் வாங்கத் தேவையில்லை, வருடத்தில் மிச்ச நாளெல்லாம் நஷ்டம். அந்த நேரத்தில் ஒன்பது மணிக்கு மேல் வண்டியை எடுத்தால் போதும்.

டர்போ தம்பி:
நைட்ரஜன் அடித்தால் பிடிப்பு கூடும் என்கிறார்களே?

பழைய மெக்கானிக்:
சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் தம்பி. டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து, டயர் ஆறியிருக்கும்போது காற்று சரிபார்த்தால் அதைவிடப் பலன்.

செட்டிபாளையம் ரசிகன்:
வாங்கும்போது கவனிக்க ஒன்று. 2020 ஜூனில் டயர் இறக்குமதியை மத்திய அரசு கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்துவிட்டது. அதனால் இந்த மாதிரி அளவுகள் எப்போதும் கடையில் இருக்காது, கிடைத்ததைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். பணம் கொடுப்பதற்கு முன் தயாரிப்பு வாரத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பழைய டயரைத் தள்ளிவிட்டுப் பழைய டயரே வாங்கினால் எதற்கு இந்தச் செலவு?

கொங்கு ஓட்டுநர்:
மாற்றியாயிற்று. வீட்டில் பேசி, நான்கையும் சாதாரண டயராகவே மாற்றிவிட்டேன். பைலட் ஸ்போர்ட் 5, முன்னும் பின்னும் அதே மாடல். தயாரிப்பு வாரம் பார்த்துத்தான் பணம் கொடுத்தேன். அலைன்மென்ட்டில் இடது பின் சக்கரத்தின் டோ அளவு (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்) தப்பாக இருந்தது, உள்விளிம்புத் தேய்மானத்துக்கு அதுதான் முக்கியக் காரணம் என்றார்கள். சரிசெய்தாயிற்று.

புது டயரின் மேல் பூச்சு போகும் வரை முதல் 300 கிலோமீட்டர் மெதுவாகத்தான் ஓட்டினேன். நேற்று நல்ல மழை. அதே அவினாசி ரோடு, அதே மாதிரி மிதி, விளக்கு மின்னவில்லை. வேண்டுமென்றே அழுத்தினால் மின்னுகிறது, அது நியாயம்தான். ஸ்டியரிங் மட்டும் முன்பைவிடக் கொஞ்சம் மென்மையாகத் தெரிகிறது, பழகிவிடும் என்று நினைக்கிறேன். மலைக்கு இனிமேல்தான் போக வேண்டும்.

பழைய பின் டயர் இரண்டையும் கடைக்காரர் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

பழைய மெக்கானிக்:
கொடுங்கள். ஆனால் உங்கள் கண்ணெதிரே பக்கச்சுவரைக் கத்தியால் ஆழமாகக் கீறச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். 4 மில்லிமீட்டர் பட்டன் உள்ள டயர், சும்மா விட்டால் அடுத்த வாரமே வேறு யாராவது வண்டியில் ஏறிவிடும்.