அப்டேட்: அது மூத்த ஃபாஸ்டினா இல்ல, மகள்தான்!

போன மாசம் பச்சை பிடிச்ச ரோமன் காசு ஒண்ண போட்டு, "இதுல இருக்கிறது ரோமப் பேரரசர் அன்டோனினஸ் பயஸோட மனைவி ஃபாஸ்டினாவா, அதே பேருள்ள அவங்க மகளா"ன்னு கேட்டிருந்தேன்ல, விடை கிடைச்சிருச்சு. டிஸ்டில்டு வாட்டர்ல மூணு வாரம் ஊறப்போட்டு, தினம் தண்ணி மாத்தி, மூங்கில் குச்சியால மெதுமெதுவா சுரண்டினேன், முதல்ல தெரிஞ்சது கொண்டைதான், பின்கழுத்துல வட்டமா சுத்தியிருக்கு, அது மகளோட கொண்டை. அம்மாவுக்கு பின்னலெல்லாம் உச்சந்தலையில ஏத்திக் கட்டியிருக்கும், அதோட அவங்க 140-ல இறந்ததும் தெய்வமாக்கிட்டதால பெரும்பாலான காசுல "திவா"ன்னு (தெய்வமானவள்னு அர்த்தம்) இருக்கும், இதுல அது இல்ல.

பின்பக்கம்தான் எனக்கு உயிரு. ஒரு பொண்ணு கையில கிண்ணமும் செங்கோலுமா நிக்கிறா, கால்கிட்ட ஏதோ மேடு மாதிரி இருந்துச்சு, நேத்து ராத்திரி லென்ஸ் வெச்சு பார்த்தா மயில்! சின்னத் தலை, நீண்ட வால், அப்படியே இருக்கு. மயில் இருந்தா ஜூனோ, கல்யாணத்துக்கும் பிரசவத்துக்கும் உரிய தெய்வம். தன் கணவர், பேரரசர் மார்கஸ் அரேலியஸுக்கு பத்துக்கு மேல பிள்ளை பெத்தவளுக்கு வேற யாரை போடுவாங்க சொல்லுங்க.

எடை 24 கிராம், ஓரத்துல மஞ்சள் மின்னுது, அதனால செஸ்டர்ஷியஸ்ங்கிற பெரிய ரோமன் பித்தளைக் காசுதான். புளி போட்டு தேய்க்கச் சொன்னவங்க கோச்சுக்காதீங்க, அந்தப் பச்சை போனா காசே போச்சு, தயவுசெஞ்சு யாரும் செய்யாதீங்க.