வில்லோ குச்சியா, கம்ப்ரஸ்டு கட்டியா, புளியங்கரியா: கரியில் வரைபவர்களின் அனுபவப் பகிர்வு

பெரம்பூரிலிருந்து, ஓவிய வகுப்பு எடுப்பவர்

பென்சிலை விட்டுக் கரிக்கு வர நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எது நல்லா கருப்பா வரும் சார்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது வேறு. போட்டதை அழிக்க வேண்டியிருக்குமா, இருக்காதா? அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் எந்தக் கரி என்பது பாதி முடிவாகிவிடும். கருப்பின் ஆழம், விலை, பிராண்டு எல்லாம் அதற்கு அடுத்துதான் வருகின்றன.

கடையில் சார்க்கோல் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் விற்கிறார்கள். ஒன்று, மெல்லிய விளாரைக் காற்றுப் படாமல் அப்படியே சுட்டு எடுத்தது. பெட்டியில் வில்லோ என்றோ வைன் என்றோ போட்டிருக்கும். வில்லோ ஈரநிலத்தில் வளரும் குளிர்நாட்டு மரம். இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் கூடை முடைவதற்கும் கரி சுடுவதற்கும் அதைப் பயிராகவே வளர்க்கிறார்கள். வைன் என்பது திராட்சைக் கொடி. இன்னொன்று கம்ப்ரஸ்டு சார்க்கோல்: கரியைப் பொடியாக்கி, பசை சேர்த்து, கட்டியாக அழுத்தியது. பசையில்லாத கரி காகிதத்தின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். துணியால் தட்டினாலே பாதி போய்விடும். பசை சேர்ந்தது காகிதத்தின் சொரசொரப்புக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். அதை முழுசாக வெளியே எடுக்க எந்த ரப்பராலும் முடியாது.

என் வகுப்புக்கு வருகிற ஒருவர் ரயில்வேயில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கோடு அவ்வளவு சுத்தம். மகன் வாங்கித் தந்த கம்ப்ரஸ்டு கட்டிகளோடு வந்து, பேத்தியின் முகத்தைத் தொடங்கினார். மூக்கு கொஞ்சம் இடப்பக்கம் போக வேண்டும் என்று அவருக்கே தெரிகிறது, ஆனால் நகர்த்த முடியவில்லை. அழித்த இடத்தில் ஒரு சாம்பல் தழும்பு நிற்கிறது. வேறு தாளை வைத்து, கையில் ஒரு வில்லோ குச்சியைக் கொடுத்தேன். அன்று மாலைக்குள் மூக்கு பல இடம் மாறி, கடைசியில் அதன் இடத்துக்கு வந்தது. "ஒரே தடவையில கோடு போட்டே பழகிட்டேன் சார். இதுல தேடிக்கிட்டே போகலாம் போலிருக்கே" என்றார். அந்தத் தேடலுக்குத்தான் நான் முதலில் பசையில்லாத கரியைக் கொடுப்பது.

வில்லோ, வைன் இரண்டில் வைன் இன்னும் வெளிறியது, மெல்லியது. முகத்தின் அளவுகளைக் குறிக்க நன்றாக இருக்கும். வில்லோ கொஞ்சம் கூடுதல் கருப்பு. ஊசி போலவும் கிடைக்கும், விரல் தடிமனிலும் கிடைக்கும். ஆனால் இரண்டுமே முழுக் கருப்புக்குப் போகாது. எவ்வளவு தேய்த்தாலும் அடர்ந்த சாம்பலில் நின்றுவிடும். கண்மணி, நாசித் துவாரம், உதடு சேரும் கோடு போன்ற இடங்களுக்குக் கடைசியில்தான் கம்ப்ரஸ்டைக் கையில் எடுக்கிறேன். இந்த வரிசையை மாற்றினால் வேலை நடக்காது. கம்ப்ரஸ்டு நிரப்பிய இடத்தின் மேல் வில்லோ வழுக்கிக்கொண்டு போகும்.

சரி, நீங்கள் எல்லாம் எப்படிச் செய்கிறீர்கள்? ஆர்டர் எடுத்து வரைபவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

மதுரையிலிருந்து, படம் வரைந்து கொடுப்பவர்

வணக்கம் சார். ஆர்டர்காரன் பக்கத்திலிருந்து சொல்கிறேன். என்னிடம் வருவதில் பெரும்பகுதி இறந்தவர்களின் படம்தான். வாக்காளர் அட்டையில் இருக்கும் முகம், இல்லாவிட்டால் கல்யாண ஆல்பத்தில் பின்வரிசையில் பாதி மறைந்து நிற்கும் முகம். அதைப் பெரிதாக்கி வரைய வேண்டும். சுவரில் மாட்டி, வருஷா வருஷம் மாலை போடுவார்கள். அதனால் என் படத்தில் கரி நிற்க வேண்டும்.

நான் பெரும்பாலும் சார்க்கோல் பென்சிலில்தான் வேலை செய்கிறேன். மரத்துக்குள் இருப்பதும் கம்ப்ரஸ்டு கரிதான், எனவே நீங்கள் சொன்ன அதே குணம் அதற்கும் உண்டு. கேமல் பிராண்டில் சாஃப்ட், மீடியம், ஹார்டு என்று வருகிறது. காசு கொஞ்சம் கையில் இருக்கும்போது ஜெனரல்ஸ் பிராண்டின் 557 வரிசை வாங்குவேன். அதில் எச்பி, 2பி, 4பி, 6பி இருக்கின்றன. புருவ முடிக்கும் கண்ணோரச் சுருக்கத்துக்கும் ஹார்டு. தலைமுடியின் மொத்த இருட்டுக்கு 6பி. சாஃப்ட் பென்சிலை ஷார்ப்னரில் போட்டால் முனை உள்ளேயே உடைந்துபோகும். பிளேடால் மரத்தை நீளமாகச் சீவிவிட்டு, கரி முனையை உப்புத்தாளில் தீட்டுவதுதான் சரியான வழி.

சாதாரண பென்சிலிலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவுட்லைனைக் கிராஃபைட் பென்சிலில் அழுத்திப் போட்டுவிட்டு மேலே கரி போடாதீர்கள். அந்தக் கோட்டின் பளபளப்பில் கரி ஏறாது. தாடை ஓரத்தில் வெள்ளியாக ஒரு கோடு மின்னிக்கொண்டே இருக்கும். அவுட்லைனுக்கே ஹார்டு சார்க்கோல் பென்சிலை மெல்லப் பிடித்தால் போதும்.

அப்புறம் வெள்ளை சார்க்கோல். பெயர்தான் சார்க்கோல், உள்ளே கரி கிடையாது. வெள்ளை நிறமியில் பசை சேர்த்தது. கருப்புக் கரியோடு அதைக் கலந்து தேய்த்தால் நீலம் பாய்ந்த ஒரு சாம்பல் வரும். மனித முகத்துக்கு அது ஆகவே ஆகாது. சாம்பல் அல்லது மண் நிறத் தாளை எடுத்துக்கொண்டு, கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் தாளின் நிறத்தையே தோலாக விட்டுவிட வேண்டும். மேலூர் பக்கத்திலிருந்து ஒரு அம்மாவின் படத்துக்கு ஆர்டர் வந்தது. போட்டோவில் மூக்குத்தி ஒரு வெளிச்சப் புள்ளியாகத்தான் தெரிந்தது. மகளிடம் போனில் கேட்டுக்கொண்டு, படம் முழுக்க முடிந்த பிறகு வெள்ளைப் பென்சிலைத் தீட்டி அந்த இடத்தை மட்டும் வைத்தேன். படத்தை வாங்க வந்தபோது அவர் வேறு எதையும் பார்க்கவில்லை. குனிந்து கல்லை எண்ணினார். "எட்டுக்கல் பேசரிண்ணே. எட்டும் இருக்கு" என்றார். அந்தத் தாளில் நான் வெள்ளை தொட்ட இடங்கள் அந்தப் பேசரி, இரண்டு கண்களின் ஒளி, அவ்வளவுதான்.

சட்டம் போடும்போது கண்ணாடியே போடச் சொல்லுங்கள். அக்ரிலிக் ஷீட்டைத் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி, கரித் தூளைத் தாளிலிருந்து இழுத்துக்கொள்ளும். கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையில் மவுண்ட் போர்டு வைத்து இடைவெளி விடுவதும் அவசியம்.

கும்பகோணத்திலிருந்து, கவின்கலைக் கல்லூரி மாணவர்

மதுரை அண்ணன் சொல்வதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் நான் இருக்கிறேன். எங்களுக்கு மாடல் நிற்கும்போது ஒரு நிலை இரண்டு நிமிஷம்தான். பென்சில் முனை தீட்டிக்கொண்டிருந்தால் அதற்குள் ஆள் கையை இறக்கிவிடுவார். தடி வில்லோவை உடைத்து, படுக்கவைத்து, தோளிலிருந்து கையை வீசினால் முதுகு முழுக்க ஒரே இழுப்பில் வந்துவிடும். பிரவுன் ஷீட்டின் சொரசொரப்பான பக்கத்தில் போடுகிறோம். காகிதம் வழவழப்பாக இருந்தால் எவ்வளவு நல்ல வில்லோவும் பிடிக்காது. கரியை மாற்றுவதற்கு முன் தாளைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள் என்பதுதான் எங்கள் சீனியர்கள் சொல்லிக்கொடுத்தது.

தென்னாப்பிரிக்க ஓவியர் வில்லியம் கென்ட்ரிட்ஜ் ஒரே தாளில் கரியில் வரைந்து, அழித்து, மாற்றி வரைந்து, ஒவ்வொரு மாற்றத்தையும் கேமராவில் பிடித்து அசையும் படமாக்குபவர். அழித்த உருவத்தின் மங்கல் தடம் அவர் தாள்களில் அப்படியே நிற்கும். பெரம்பூர் சார் தழும்பு என்று சொன்னது அங்கே படத்தின் நினைவாகிவிடுகிறது. அதைப் பார்த்ததிலிருந்து நான் பழைய கோட்டை முழுசாகத் துடைப்பதில்லை. கை முதலில் எங்கே இருந்தது, பிறகு எங்கே போனது என்பது தாளிலேயே தெரிகிறது.

ஒரு கேள்வி. வில்லோ எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. தடியானது ஒரு வாரம்கூடத் தாங்குவதில்லை. நாமே சுட்டுக்கொள்ள முடியுமா?

திருவள்ளூரிலிருந்து, கலம்காரி குடும்பத்தைச் சேர்ந்தவர்

முடியும் தம்பி. என் அம்மா வழி ஸ்ரீகாளஹஸ்தி. அங்கே கலம்காரியில் முதல் வரைவு புளியங்குச்சிக் கரியில்தான். துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைத்திருப்பார்கள். அதன் மேல் சாமியின் முகம், கை, ரதம் எல்லாம் கரியில் இறங்கும். அப்புறம் இரும்பும் வெல்லமும் ஊறவைத்த கசிமி என்ற கருப்புச் சாயத்தைக் கலம் என்ற மூங்கில் பேனாவில் தொட்டுக் கோட்டை உறுதி செய்வார்கள். கரி தேடுவதற்கு, கசிமி நிற்பதற்கு. அலசும்போது கரி போய்விடும். பெரம்பூர் சார் சொன்ன கணக்கு அப்படியே எங்கள் வீட்டிலும் இருக்கிறது, அதனால்தான் இதை எழுதத் தோன்றியது.

சுடும் முறை இதுதான். சுண்டுவிரல் தடிமனுக்கும் குறைந்த நேரான குச்சிகளாகப் பார்த்து வெட்டு. பட்டையை உரித்து, நிழலில் நன்றாகக் காயவிடு. பழைய பால்பவுடர் டின்னில் நெருக்கமாக நிறுத்தி, மூடியில் ஆணியால் ஒரு சின்னத் துளை போட்டு, இறுக மூடி விறகடுப்பில் வை. முதலில் துளை வழியாக வெள்ளைப் புகை வரும், பிறகு அந்தப் புகையே பற்றி எரியும். அது அடங்கி, புகை நின்றதும் டின்னை இறக்கிவிடு. உடனே திறக்காதே. உள்ளே சூடு இருக்கும்போது காற்றுப் பட்டால் கரி பற்றிக்கொள்ளும், கையில் சாம்பல்தான் மிஞ்சும். மறுநாள் காலையில் திற. இதையெல்லாம் வெட்டவெளியில் செய்ய வேண்டும், வீட்டுக்குள் வேண்டாம்.

புளியங்கரி வில்லோவைவிடச் சற்றுக் கடினமாக இருப்பதாக என் கைக்குத் தோன்றும். துணியில் மெல்லிய கோட்டுக்கு அது நல்லது. இரண்டு நிமிஷ உருவத்துக்கு உனக்கு மென்மையான மரம் வேண்டும். முருங்கைக் குச்சியும் சுட்டுப் பார்த்தேன், உள்ளே சோற்றுப் பகுதி அதிகம் என்பதால் நொறுங்கிவிட்டது. வேலியில் இருக்கும் திராட்சைக் கொடி எங்காவது கிடைத்தால் விடாதே.

ரொறொன்ரோவிலிருந்து, மாலை நேர ஸ்டுடியோ மாணவி

நான் யாழ்ப்பாணத்தில் பென்சிலில் மட்டும் வரைந்தவள். இங்கே ஒரு பழைய பாணி ஸ்டுடியோவில் பிளாஸ்டர் சிற்பங்களைப் பார்த்து வரையப் பழகுகிறேன். ஒரு படம் பல கிழமை போகும். அங்கே எல்லோருடைய கையிலும் நைட்ரம் என்ற பிராண்டுக் கரிதான். முன்பு பிரான்சில் செய்தார்கள், இப்போது கனடாவிலேயே செய்கிறார்கள். எச், எச்பி, பி என்று சதுரக் குச்சிகள். பசையில்லாத கரிதான், ஆனாலும் உப்புத்தாளில் ஊசி முனையாகத் தீட்டலாம், உடையாது. வில்லோவின் அழியும் குணமும் பென்சிலின் கூர்மையும் சேர்ந்து வேண்டும் என்கிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது நான் காணவில்லை. விலை கூடத்தான். ஆனால் கும்பகோணம் தம்பிக்கு இது தேவைப்படாது. இரண்டு நிமிஷ வரைவுக்கு எச் குச்சி மிகவும் இறுக்கம்.

மதுரை அண்ணா, கரி உதிராமல் இருக்கப் படத்தின் மேல் தெளிக்கும் ஃபிக்ஸேட்டிவ் அடிக்கிறீர்களா? எங்கள் ஆசிரியர் வேண்டாம் என்கிறார்.

மதுரையிலிருந்து, படம் வரைந்து கொடுப்பவர்

அடிக்கிறேன் தங்கச்சி, ஆனால் வெள்ளை வைப்பதற்கு முன்னால். ஒரு அடி தள்ளி நின்று, மெல்லிய படலமாக, காயவிட்டுக் காயவிட்டு. அதிகமாகப் போனால் நடுச் சாம்பல்கள் எல்லாம் ஒரு படி இருண்டுவிடும், வெள்ளை அப்படியே மறைந்துவிடும். அதனால் பேசரிக்கும் கண்ணொளிக்கும் மேல் நான் எதுவும் அடிப்பதில்லை, கண்ணாடி பார்த்துக்கொள்ளும். உங்கள் ஆசிரியர் சொல்வது வில்லோவுக்கும் நைட்ரமுக்கும் நியாயம்தான். அந்த மென்மையான சாம்பல்களுக்காகத்தானே அந்தக் கரியையே எடுப்பது.

பெரம்பூரிலிருந்து, ஓவிய வகுப்பு எடுப்பவர்

திருவள்ளூர் அம்மா சொன்ன சுடும் முறையைப் படித்ததும் எனக்கு இத்தாலியின் சென்னினோ சென்னினி ஞாபகம் வந்தது. சுமார் 1400இல் ஓவியர்களுக்கான கைக்குறிப்பு எழுதியவர். வில்லோ விளார்களைச் சிறு கட்டுகளாகக் கட்டி, புது மண்சட்டியில் அடுக்கி, காற்றுப் புகாமல் களிமண்ணால் மூடி, மாலையில் ரொட்டிக்காரரின் அடுப்பில் வைத்துக் காலையில் எடுக்கச் சொல்கிறார். அதிகமாகச் சுட்டால் வரையும்போது துண்டு துண்டாக உடையும் என்றும் எச்சரிக்கிறார். கும்பகோணம் தம்பி, உங்களுக்கு உதவும் அடையாளம் இது: சுட்டது போதவில்லை என்றால் கோடு பழுப்பாக வந்து தாளைக் கீறும், திரும்ப டின்னில் போட்டுச் சுடலாம். மிஞ்சிப்போனதற்கு மட்டும் வழியில்லை.

சென்னைப் பக்கம் வரைபவர்களுக்கு ஒரு விஷயம் விட்டுப்போனது. வேர்வைக் கை தாளில் பட்ட இடத்தில் எண்ணெய்ப் பசை நிற்கும். அப்போது கண்ணுக்குத் தெரியாது, கரி போட்டதும் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கருப்புத் திட்டாக எழும். கைக்கு அடியில் ஒரு வெற்றுத் தாள் வைத்துக்கொண்டு வரையுங்கள். மழை நாளில் நமுத்த தாளில் வில்லோ சீராக ஓடாது. நான் தாள்களைப் பாலித்தீன் உறையில் போட்டுப் பலகைக்கு நடுவில் வைக்கிறேன்.

கும்பகோணத்திலிருந்து, கவின்கலைக் கல்லூரி மாணவர்

ரொம்ப நன்றி அக்கா, நன்றி சார். கல்லூரிக்குப் பின்னால் புளியமரம் இருக்கிறது, ஆனால் கிளை எல்லாம் பச்சை. கீழே விழுந்து கிடக்கிற காய்ந்த குச்சிகளை எடுத்துக்கொள்ளலாமா?

திருவள்ளூரிலிருந்து, கலம்காரி குடும்பத்தைச் சேர்ந்தவர்

எடுத்துக்கொள்ளலாம், ஆனால் உளுத்துப்போன குச்சியைத் தள்ளிவிடு, டின்னிலேயே தூளாகிவிடும். ஒடித்துப் பார், டக்கென்று சத்தம் வந்தால் நல்ல குச்சி. வெவ்வேறு தடிமனை ஒரே டின்னில் கலக்காதே. மெல்லியது கரியாகி முடிக்கும்போது தடித்தது உள்ளே இன்னும் மரமாகவே இருக்கும்.