சோலார் பேனலுக்கு அடியில் புறாக் கூடு: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

செந்தூல் அக்கா

வலை கட்டிவிட்டுப் போன அன்றைக்குச் சாயங்காலமே நடந்தது இது. இன்னும் மனசை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கூடு எப்படி வந்தது, எச்சம் எப்படி இருந்தது என்றெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. சோலார் போட்ட எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆட்கள் வந்தார்கள், பேனலைச் சுற்றிக் கம்பி வலை கட்டினார்கள், மத்தியானத்துக்குள் முடித்துக் காசு வாங்கிக்கொண்டு போனார்கள். எங்கள் பின்பக்க அறை ஜன்னலைத் திறந்தால் அடுக்களைக் கூரையும் கடைசி வரிசைப் பேனலும் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். மழை விட்டதும் திறந்தேன். ஒரு புறா வலையை ஒட்டியே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தது. உள்ளேயிருந்து கீச்சுக் குரல். உற்றுப் பார்த்தால் வலைக்கு அந்தப் பக்கம் ஒரு குஞ்சு. மஞ்சள் ரோமம் அங்கொன்றும் இங்கொன்றுமாக, தலைக்குப் பொருந்தாத பெரிய அலகு. புறாக் குஞ்சு பெற்றதின் வாய்க்குள் அலகை விட்டுத்தான் தீனி எடுக்கும். அது வலைக்கண் வழியாக அலகை நீட்டுகிறது. தாய் வாயைத் திறந்து கழுத்தைத் திருப்பித் திருப்பிக் கொடுக்கப் பார்க்கிறது. கம்பி விடவில்லை.

வலை கட்டும் வேலையை எடுத்த குத்தகைக்காரருக்குப் போன் போட்டேன். “அக்கா, புறாதானே. ரெண்டு நாள்ல சத்தம் தானா நின்னுடும்” என்றார். அந்தப் பேச்சைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் விடாமல் கூப்பிட்டு, ஓர் ஆளை வரவழைத்து, ஒரு மூலைக் கிளிப்பைக் கழற்ற வைத்தார். அந்த ஆள் ஏணியை விட்டு இறங்குவதற்குள் தாய் உள்ளே போய்விட்டது. குஞ்சு பறந்த பிறகுதான் அந்த மூலையை மூடினோம்.

கட்டுவதற்கு முன் உள்ளே டார்ச் அடித்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? உங்கள் வீட்டில் பார்த்தார்களா?

ஆயர் ஈத்தாம் வாசி

எங்கள் வீட்டில் குஞ்சு இல்லை, பார்த்துத்தான் கட்டினார்கள். ஆனால் கட்டும் முன் சுத்தம் செய்த விதத்தைச் சொல்ல வேண்டும்.

காய்ந்து கெட்டியாகிப் போன எச்சம். தண்ணீர் தெளிக்காமல் அப்படியே இரும்புத் தகட்டால் சுரண்டி, இலை ஊதும் மெஷினால் ஊதித் தள்ளினார்கள். கீழ் அறையில் அம்மா படுத்திருந்தார். ஆஸ்துமாக்காரர். ஜன்னல் திறந்திருந்தது. நான் வேலையிலிருந்து ஓடி வந்து பார்த்தபோது மெத்தை, தலையணை, மேசை மேல் மூடி வைத்த தண்ணீர்ச் செம்பு எல்லாவற்றின் மேலும் சாம்பல் நிறத்தில் மெல்லிய தூசி. விரலால் தொட்டால் கோடு விழுந்தது. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேலே நின்ற பையனும் முகமூடி போடவில்லை, அவனும் அதைத்தான் சுவாசித்துக்கொண்டிருந்தான்.

புறா எச்சத்தில் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சணம் வளரும். தூசியாகப் பறந்தால் நுரையீரலுக்குள் போகும். உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு மூளைவரை போய் ஆபத்தாகிவிடும். முதலில் நன்றாக நனைத்து, ஊறிய பிறகு வழித்தெடுக்க வேண்டும். ஜன்னல்களை மூடச் சொல்ல வேண்டும். இதைக்கூட வீட்டுக்காரர்தான் சொல்லித் தர வேண்டுமா?

கெப்போங்

செந்தூல் அக்கா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் குஞ்சு பறக்கட்டும் என்று காத்திருந்தால் காரியம் ஆகாது. நம் மலேசியாவில் குளிர்காலமா இருக்கிறது? வருஷம் முழுக்க முட்டை போடும். ஒரு தடவைக்கு இரண்டு முட்டை, பதினெட்டு நாள் வாக்கில் பொரியும், குஞ்சு பறக்க நாலைந்து வாரம். அதற்குள் அடுத்த முட்டை போட்டுவிடும். நீங்கள் எந்த நாளைப் பார்த்து மூடப் போகிறீர்கள்?

எனக்கு நடந்தது வேறு. 2025 ஜூன் மாதத்தோடு என்இஎம் (மிச்சமாகும் சோலார் மின்சாரத்தைக் கொடுத்துப் பில்லில் கழித்துக்கொள்ளும் திட்டம்) முடியப்போகிறது என்று எங்கள் தாமானில் (குடியிருப்பில்) வரிசையாக எல்லோரும் அவசரமாகப் போட்டோம். நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் இரவு மழை பெய்த மறுநாள் காலையில் மட்டும், பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றுகிற இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு எரியும், பத்து மணிக்கு மேல் தானாகச் சரியாகிவிடும். ‘இன்சுலேஷன் கோளாறு’ என்று வரும், அதாவது எங்கோ மின்சாரம் கசிகிறது. யாருக்கும் காரணம் புரியவில்லை. கடைசியில் கீழ் வரிசையில் ஒரு பேனலைத் தூக்கினார்கள். சுள்ளியும் ஒயர்த் துண்டும் ஐஸ் குச்சியுமாக ஒரு கூடு. இரண்டு கேபிளை இணைக்கும் கனெக்டர் அந்தக் கூட்டின் நடுவில், எச்சத்தில் புதைந்து, சிமெண்டில் வைத்துப் பூசினது மாதிரி இருந்தது. அதை உடைத்து எடுத்தபோது உள்ளே ஈரம். காய்ந்த சுள்ளிக்கு நடுவில் அந்தக் கனெக்டர் சூடாகித் தீப்பிடித்திருந்தால்? கீழே என் பிள்ளைகள் தூங்குகிற அறை. ஒரு வேளை எலிக்கு வைக்கிற பசைத் தட்டை வைத்தால்கூடத் தப்பில்லை என்று அன்றைக்குத் தோன்றியது.

பழைய வயர்மேன், பட்டர்வொர்த்

கெப்போங் தம்பி, பசைத் தட்டு வேண்டவே வேண்டாம். அதில் ஒட்டிய பறவை துடித்துத் துடித்துத்தான் சாகும். 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தில் வதைக்குக் குறைந்தது 20,000 வெள்ளி, அதிகபட்சம் 100,000 வெள்ளி அபராதம், 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. சட்டத்தை விடுங்கள், அது செய்யக்கூடாத காரியம்.

நான் பார்த்தது சின்ன விஷயம். பிறையில் ஒரு வீட்டில் வேலை முடித்துக் கிளம்பும்போது எதிர்வீட்டுக்காரர் உச்சி வெயிலில் கூரை மேல் ஏறி, பேனலுக்கு அடியில் கையை விட்டுக் கூட்டை இழுத்துக்கொண்டிருந்தார். “மெயின் சுவிட்ச் அடைச்சிட்டேன், ஒண்ணும் ஆகாது” என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. கத்திக் கத்தித்தான் அவரை இறக்கினேன்.

ஏன் என்று சொல்கிறேன். மெயினை அடைத்தாலும் வெயில் இருக்கும்வரை பேனலில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். பத்துப் பன்னிரண்டு பேனலைத் தொடராக இணைத்தால் அந்த வரிசையில் 400 வோல்ட்டுக்கு மேல் வரும். அது டிசி, நேர் மின்சாரம். எச்சத்தில் ஊறிய கனெக்டர், ஈரக் கை, சரிவான கூரை. சொல்லவே வேண்டாம். பேனல் வரிசையைத் துண்டிக்கிற டிசி ஐசோலேட்டர் சுவிட்சை அடைப்பது, கேபிளைத் தொடுவது எல்லாம் தெரிந்தவன் செய்யட்டும்.

வலை பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். பேனல் சட்டத்தில் துளை போட்டுத் திருகாணி அடித்தால் வாரண்டி போய்விடும். சட்டத்தின் அடி உதட்டில் மாட்டுகிற கிளிப் இருக்கிறது, அதைத்தான் கேட்க வேண்டும். வலை துருப்பிடிக்காததாக இருக்க வேண்டும். நம் மழைக்குச் சாதாரணக் கோழி வலை சீக்கிரம் துருப்பிடித்து ஓட்டில் கறை வடியும். கூரை ஓரத்துத் தண்ணீர்த் தகரத்தையும் அன்றைக்கே சுத்தம் செய்யச் சொல்லுங்கள். கூட்டை எடுத்தால் பாதி அங்கேதான் விழுந்து அடைக்கும். பேனலைக் காலையில் கழுவுங்கள். மத்தியானம் கொதிக்கிற கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் வெடிப்பு விடலாம்.

மழை கழுவிவிடும் என்று இருக்க வேண்டாம். தூசி போகும், எச்சம் போகாது. பேனலுக்குள் செல்லெல்லாம் தொடராக இருக்கிறது. ஒரு செல்லை எச்சம் மூடினால் அது மின்சாரம் தருவதற்குப் பதிலாகச் சூடாகும். அதைக் காப்பாற்றத்தான் ஒரு பேனலுக்குப் பொதுவாக மூன்று பைபாஸ் டயோடு வைக்கிறார்கள். ஒவ்வொன்றும் தன் பங்குச் செல்களில் கோளாறு வந்தால் அந்தப் பங்கை விட்டுவிட்டு மின்சாரத்தைச் சுற்றி அனுப்பிவிடும். ஆக, உள்ளங்கை அளவு எச்சத்தால் அந்தப் பேனலில் மூன்றில் ஒரு பங்கு போய்விடலாம்.

பிளாஸ்டிக் ஆந்தை, மினுக்குத் தாள், எதற்கும் காசு போடாதீர்கள். கொஞ்ச நாளில் ஆந்தையின் தலை மேலேயே உட்காரும். காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும் பெட்டி என்று விற்கிறார்களே, அந்த ஒலி புறாவுக்கும் கேட்காது.

செந்தூல் அக்கா

ஐயா, நன்றி. கெப்போங் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். மூடாதே என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் மூடித்தான் இருக்கிறது. காலியாக இருக்கிற பக்கத்தையெல்லாம் முதலிலேயே மூடிவிட்டோம், குஞ்சு இருந்த மூலைக்கு மட்டும் வழி விட்டோம். அடுத்த முட்டை போட இடம் இல்லை. வலைக்குள் செத்துப்போனால் நாற்றமும் புழுவும் உங்கள் பிள்ளைகள் தூங்குகிற அறைக்கு மேலேதான் இருக்கும். அதையும் யோசியுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்

என் கதையில் புறாவை விட அப்பாதான் பிரச்சினை. பத்துமலைக்குப் போனால் 272 படி ஏறுகிறாரோ இல்லையோ, கீழே புறாவுக்குத் தானியம் போடாமல் வரமாட்டார். வீட்டிலும் காலையில் போர்ச்சில் ஒரு பிடி அரிசி. அவர் கதவுத் தாழ்ப்பாளைத் தொடும் சத்தம் கேட்டதும் மேலே பேனலில் நகம் உரசும் சத்தம் கேட்கும், எல்லாம் ஓரத்துக்கு வந்து வரிசையாக நிற்கும்.

வலை கட்ட ஆள் வந்த அன்று அப்பா கேட்டருகே நின்று, “வாயில்லா ஜீவன், எங்கடா போகும்?” என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. அம்மா போன பிறகு அவர் காலையில் எழுந்திருப்பதே அந்த ஒரு பிடி அரிசிக்காகத்தான். நான் ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். பில்லில் கழியும் காசு குறைந்துகொண்டே வருகிறது, அது தெரிந்துதான் இருக்கிறேன். பெரியவர்கள் இருக்கிற வீட்டில் இதை எப்படிச் சமாளித்தீர்கள் என்று யாராவது சொல்லுங்கள்.

ஆயர் ஈத்தாம் வாசி

தம்பி, அப்பாவுக்கு வயதாகிவிட்டது, நான் மேலே சொன்ன தூசியை நினைத்துப் பாருங்கள். அரிசியை நிறுத்தாமல் போடும் இடத்தை மட்டும் மாற்றுங்கள் என்று சொல்ல மாட்டேன். தாமான் முழுக்கத்தான் அசிங்கமாகும். மீன் தொட்டி, செடி என்று வேறு ஏதாவது ஒரு காலை வேலையை அவரோடு சேர்ந்து ஆரம்பித்துப் பாருங்கள். நீங்களும் கூட நிற்க வேண்டும், அதுதான் முக்கியம்.

ஜெலுத்தோங்

எங்கள் வரிசையில் முதலில் வலை கட்டியது நாங்கள். ஒரே வாரத்தில் அத்தனையும் பக்கத்து வீட்டு ஆன்ட்டி கூரைக்குப் போய்விட்டன. அவர் கேட்டருகே வந்து ஒன்றும் பேசாமல் தன் காரைக் காட்டினார். கண்ணாடி தெரியாத அளவுக்கு வெள்ளை. எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

இப்போது சோலார் இருக்கிற வீட்டுக்காரர்கள் எல்லோரும் பேசி, ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் கட்டக் கொடுத்திருக்கிறோம். மீட்டர் கணக்கில் விலையும் குறைத்தார். ஒவ்வொரு கூரையிலும் முதலில் போட்டோ எடுத்துக் காட்ட வேண்டும், முட்டையோ குஞ்சோ இருந்தால் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டுப் பிறகு வந்து மூட வேண்டும், எச்சத்தை நனைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டோம். மிச்சப் பணம் எல்லாம் மூடிய பிறகுதான். சனிக்கிழமை ஆரம்பிக்கிறார்கள், ஆன்ட்டி வீட்டிலிருந்து.