புதுப்பிப்பு: வீட்டில் உப்பைக் குறைத்த கதை

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: அப்பாவுக்கு ரத்த அழுத்தம், உப்பைக் குறைக்கச் சொல்கிறார் டாக்டர், ஆனால் தட்டைத் தள்ளிவிடுகிறாரே, என்ன செய்வது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாங்கள் மூன்று பேர். காலையில் 15 கிராம் எடைபோட்டு ஒரு சின்ன டப்பாவில் வைத்தேன். முதல் நாள் சாம்பார், ரசம், பொரியல் முடிவதற்குள் டப்பா காலி. ராத்திரி சட்னிக்கு ஒன்றுமில்லை! இத்தனைக்கும் ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் எல்லாம் கணக்கிலேயே இல்லை.

முதலில் அப்பளத்தை நிறுத்தினேன். அதற்குத்தான் பெரிய சண்டை. அப்புறம் பொரியலுக்கு உப்பைப் பாதியாக்கி, இறக்கும்போது எலுமிச்சை பிழிந்து, வறுத்த சீரகப் பொடி தூவினேன். புளிப்பு இருந்தால் உப்புக் குறைவது அவ்வளவாகத் தெரிவதில்லை. ரசத்தில் மிளகு கொஞ்சம் தூக்கல். பத்து நாள் முகத்தைச் சுளித்தார். போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு, “என்னம்மா, ஒரே உப்பு கரிக்குது” என்றார்.

சோடியம் குறைந்த உப்பு வாங்கச் சொன்னவர்களுக்கு: அதில் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது. டாக்டரைக் கேட்காமல் வாங்கப் போவதில்லை.

கருவாட்டுக் குழம்புக்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை.