பிளாப்பியில் வந்த சுரங்கம்

மண்டபம்வாசி:
1999 கடைசியில் மண்டபத்தில் ஒரு நண்டு, கணவாய் ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் பார்ப்பதும் நான்தான். கரையில் என்ன விலைக்கு எத்தனை கிலோ எடுத்தோம் என்ற விவரம் தினமும் சாயந்தரம் தூத்துக்குடி ஆபீசுக்குப் போக வேண்டும். ஃபேக்ஸில் அனுப்பினால் அடுத்த கம்பெனிக்காரன் காதுக்கும் போகிறது என்று முதலாளிக்குச் சந்தேகம். "இன்டர்நெட்ல பூட்டுப் போட்டு அனுப்ப முடியாதா?" என்றார்.

சரி என்று ரெட் ஹாட் லினக்ஸ் சிடியைப் போட்டுப் பார்த்தால், இரண்டு கம்ப்யூட்டருக்கு நடுவே போவதைப் பூட்டி அனுப்பும் எஸ்எஸ்எச் என்ற புரோகிராம் அதில் இல்லை. காரணம், 1996 வரை அமெரிக்கச் சட்டத்தில் பலமான மறையாக்கம் (தகவலைச் சாவி போட்டுப் பூட்டுவது) ஆயுதப் பட்டியலில் இருந்த சரக்கு. அதிலிருந்து எடுத்த பிறகும் ஏற்றுமதிக்குக் கெடுபிடிதான். நமக்கு வந்த நெட்ஸ்கேப் பிரவுசரில் பூட்டின் சாவி நீளம் வெறும் 40 பிட். அந்த 40 பிட்டை 1995-லேயே பிரான்சில் ஒருவர் எட்டு நாளில் உடைத்துவிட்டார். எட்டு நாளில் நண்டு விலை பழசாகிவிடும்தான், ஆனால் அதை முதலாளியிடம் நான் சொல்லவில்லை.

எஸ்எஸ்எச்சை எழுதியவர் பின்லாந்துக்காரர், தத்து இலோனென். அமெரிக்கச் சட்டம் அவரைக் கட்டுப்படுத்தாது. துபாயில் இருந்த கீழக்கரை நண்பர் ஒருவர் பின்லாந்து சர்வரிலிருந்து இறக்கி, ஒரே பிளாப்பி டிஸ்க்கில் போட்டு ஊருக்கு வரும்போது கொண்டுவந்தார்.

அதன் மேல் பிபிபி (இரண்டு கம்ப்யூட்டரை நேரடியாக இணைக்கும் முறை) ஓட்டினால், இன்டர்நெட்டுக்குள்ளேயே நமக்கு மட்டுமான பூட்டிய வழி, அதாவது சுரங்கம், ரெடி. ஆனால் இரண்டு பக்கமும் டயல்-அப், போன் லைனில்தான் இன்டர்நெட். ஒவ்வொரு தடவையும் ஐபி எண், அதாவது இன்டர்நெட்டில் கம்ப்யூட்டரின் முகவரி, மாறும். தூத்துக்குடிப் பையன் பக்கத்து எஸ்டிடி பூத்துக்கு ஓடிப்போய்ப் போன் செய்து எண்ணை வாசிப்பான், நான் ஐஸ் சீட்டின் பின்பக்கம் குறித்துக்கொள்வேன். ஒருநாள் 'நூத்திமூணு' என்றதை 'நூத்தியாறு' என்று கேட்டு ஒரு மணி நேரம் யாரோ வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் வந்ததுதான் நிஜத் தலைவலி. லைனில் கரகரப்பு. தகவல் துண்டு துண்டாக, பொட்டலமாகத்தான் போகும்; அது போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது டிசிபி. ஒரு பொட்டலம் தொலைந்தால் சுரங்கத்தைச் சுமக்கும் வெளி டிசிபியும் மறுபடி அனுப்பும், சுரங்கத்துக்கு உள்ளே ஓடும் இன்னொரு டிசிபியும் பொறுமையிழந்து மறுபடி அனுப்பும். பாம்பன் தூக்குப் பாலம் திறந்திருக்கையில் நிற்கிற ரயில் மாதிரி எல்லாம் அப்படியே நிற்கும். ஒரு வாரம் செட்டிங்கைத் திருகினேன். கடைசியில் லைன்மேன் வந்து வாசல் சுவரில் இருந்த பெட்டியைத் திறந்தார். உப்புக்காற்றில் செம்புக் கம்பி முனையெல்லாம் பச்சைப் பசேல். பிளேடால் சுரண்டி, கிரீஸ் தடவி மூடினார். அன்று சாயந்தரம் நண்டுக் கணக்கு இரண்டே நிமிஷத்தில் போனது.

கீழக்கரை மச்சான்:
எங்க காக்காவும் (அண்ணன்) அந்த வருஷங்களில் இப்படி ஒன்று கொண்டுவந்தார். ஏர்போர்ட்டில் கஸ்டம்ஸ்காரர் டேப்ரிக்கார்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். சட்டைப்பையில் இருந்த பிளாப்பியை என்னவென்றுகூடக் கேட்கவில்லை.

தொண்டிக்காரன்:
அண்ணே, அமெரிக்காவை விடுங்க. நம்ம ஊர் இன்டர்நெட் கம்பெனிகளுக்குக் கொடுத்த லைசென்ஸிலேயே சாவி 40 பிட்டுக்கு மேல் போனால் அனுமதி வாங்கணும், சாவியையும் ஒப்படைக்கணும் என்று இருந்ததே. நீங்க வாங்கினீங்களா?

மண்டபம்வாசி:
தம்பி, அப்படி ஒரு விதி இருந்ததே எனக்கு 2005 வாக்கில்தான் தெரியும். அதற்குள் கம்பெனியே மூடியாச்சு.